நெஞ்சு படபடப்பு, ஈசிஜி நார்மல், மனநல டாக்டர பாக்க சொல்றாங்க. பேங்க் வேலைல இருக்கவங்க வழி சொல்லுங்க

கவுண்டர்_3 எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க. நான் ஒரு அரசு வங்கில ஆபீசர், வயசு 33, விழுப்புரம் பக்கம் ஒரு சின்ன கிளை. மேனேஜர், நான், ஒரு கிளார்க், ஒரு தற்காலிக பையன், அவ்ளோதான் ஆளு. நகைக்கடன் நான்தான், லாக்கர் நான்தான், ஸ்ட்ராங் ரூம் சாவி ஒண்ணு என்கிட்ட, ஏடிஎம்ல பணம் தீர்ந்தாலும் நான்தான் ஓடணும். இதெல்லாம் கூட பரவால்ல, சாயங்காலம் ஆனா ரீஜனல் ஆபீஸ் வீசி (வீடியோ மீட்டிங்) இருக்கு பாருங்க, ஒவ்வொரு கிளையா பேர் சொல்லி கூப்ட்டு இன்னிக்கு எத்தன இன்சூரன்ஸ் பாலிசின்னு கேப்பாங்க, ஒண்ணுமில்லன்னு சொன்னா அம்பது பேர் பாக்குற ஸ்க்ரீன்ல நிக்க வெச்சு பேசுவாங்க. மேனேஜர் லீவ்னா அந்த சீட்ல நான் உக்காரணும்.

போன மார்ச் கணக்கு முடிக்கிற நேரத்துல ஆரம்பிச்சது. கவுண்டர்ல உக்காந்திருக்கும்போதே திடீர்னு நெஞ்சு அடைக்கிற மாதிரி, கை விரலெல்லாம் மரத்துப்போய், வேர்த்துக் கொட்டி, இப்ப செத்துருவேன்னே தோணுது. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போனாங்க, ஈசிஜி எடுத்தாங்க, நார்மல். அப்பறம் எக்கோ, டிரெட்மில், எல்லாம் நார்மல். கேஸ் ட்ரபிள்னு ஒருத்தர், டென்ஷன்னு ஒருத்தர். ராத்திரி போட ஒரு சின்ன மாத்திரை குடுத்தாங்க, அல்பிரசோலாம், அது போட்டா நல்லா தூக்கம் வருது, ஆனா இப்ப போடாம தூக்கமே வரல. மெடிக்கல்ல சீட்டு இல்லாமலே குடுக்குறாங்க.

இப்ப பஸ்ல கூட்டம் இருந்தா ஏற பயமா இருக்கு. போன் அடிச்சாலே வயித்த கலக்குது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதுல இருந்தே திங்கக்கிழமை நெனப்பு. பாப்பா ஏதாவது கேட்டா எரிஞ்சு விழறேன். அம்மா கண் திருஷ்டின்னு மிளகா சுத்திப் போட்டாங்க, மேல்மலையனூர் போய் மந்திரிச்சும் வந்தாச்சு. கடைசியா பாத்த டாக்டர் நல்ல மனுஷன், ஹார்ட்ல ஒண்ணுமில்ல தம்பி, ஒரு சைக்கியாட்ரிஸ்ட பாருன்னு சொல்லிட்டாரு.

எனக்கு பயம் என்னன்னா, அங்க போனா பேர் பதிவாயிடுமா, ஆபீஸ்க்கு தெரிஞ்சா ப்ரமோஷன் போயிடுமா, அந்த மாத்திரைய ஆயுசு முழுக்க போடணுமா? இல்ல வேலையவே விட்டுட்டா எல்லாம் சரியாயிடுமா? வீட்டுக்கடன் ஓடுது, அதனால கடைசி கேள்விய நெனச்சா இன்னும் படபடப்பு ஏறுது. அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க.

---

ஸ்கேல்2_ரிட்டையர்டு:

தம்பி, நான் முப்பது வருஷத்துக்கு மேல வங்கில இருந்துட்டு வந்தவ. மொதல்ல ஒண்ணு, ராஜினாமா லெட்டர் மட்டும் இப்ப எழுதாதீங்க. எங்க கிளைல ஒரு பையன் இதே மாதிரி நெஞ்சுவலி நெஞ்சுவலின்னு இருந்து ஒரு நாள் கோவத்துல எழுதிக் குடுத்துட்டான், மூணு மாச நோட்டீஸ்ல அவன் இன்னும் மோசமாத்தான் ஆனான், ஏன்னா இப்ப கடன் பயமும் சேந்துடுச்சு. உடம்பு சரியில்லாத நேரத்துல எடுக்குற முடிவு அந்த உடம்பு எடுக்குற முடிவு. கொஞ்சம் தெளிஞ்சதும் அதே முடிவ எடுத்தீங்கன்னா அப்ப தாராளமா போங்க.

லீவ் விஷயம் சொல்றேன், நெறைய பசங்களுக்கு இது தெரியல. உங்களுக்கு சிக் லீவ்னு தனியா ஒரு கணக்கு இருக்கு, வருஷத்துக்கு 30 நாள், அரை சம்பளத்துல. டாக்டர் சர்டிபிகேட் வெச்சு முழு சம்பளமா மாத்தியும் எடுக்கலாம், ஒரு நாளுக்கு ரெண்டு நாள் கழிப்பாங்க. சேத்து வெச்சு ரிட்டையர் ஆகும்போது அதுக்கு காசு எதுவும் வராது, அதனால கஞ்சத்தனம் வேண்டாம். பிஎல் (சம்பளத்தோட வர்ற பொது லீவ்) எடுத்து உடம்ப பாத்துக்கிட்டு அப்பறம் புள்ள காதுகுத்துக்கு லீவ் இல்லாம நிக்காதீங்க.

சாவி விஷயம். லீவ் போடுற அன்னிக்கு சாவிய முறையா ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கி ஒப்படைச்சுட்டு போங்க. இது கேக்க சின்ன விஷயமா இருக்கும், ஆனா வீட்ல படுத்திருக்கும்போது பாதி பயம் அந்த சாவிலதான் இருக்கும், எனக்கு தெரியும். ராத்திரி எந்திரிச்சு ஸ்ட்ராங் ரூம பூட்டினோமான்னு யோசிக்காத வங்கிக்காரன் உண்டா?

அந்த வாட்ஸப் குரூப் இருக்கே, ராத்திரி பத்து மணிக்கு "டாப் 5 கிளைகள்"னு படம் போடுவாங்களே, அத மியூட்ல போடுங்க. எதிர்த்து கேள்வி கேக்க வேண்டாம், மியூட் பண்ணா போதும், காலைல ஒரு தடவ பாருங்க. ஒரு நாளும் எதுவும் கொள்ள போகல.

---

நடைபயிற்சி_நண்பன்:

ப்ரோ டெய்லி காலைல ஒரு மணி நேரம் வாக்கிங் போங்க, மூச்சுப்பயிற்சி பண்ணுங்க, மாத்திரையெல்லாம் தேவையே இல்ல. மனசு ஸ்ட்ராங்கா இருந்தா எதுவும் வராது.

---

நைட்டூட்டி_டாக்டர்:

மேல சொன்ன நண்பருக்கு: நடக்குறது நல்லதுதான், யாரும் வேண்டாம்னு சொல்லல. ஆனா "மனசு ஸ்ட்ராங்கா இருந்தா வராது"ன்னு சொல்றீங்களே, இந்த ஒரு வரியாலதான் ஜனங்க ரெண்டு மூணு வருஷம் லேட்டா வர்றாங்க.

கவுண்டர்_3, நான் மருத்துவர்தான், உங்கள நேர்ல பாக்காம இதுதான் நோய்னு முத்திரை குத்த மாட்டேன். ஆனா நீங்க எழுதினது பேனிக் அட்டாக் (திடீர்னு வர்ற பயத் தாக்குதல்) விவரிப்போட ரொம்ப ஒத்துப்போகுது. அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சாலே பயம் கொஞ்சம் இறங்கும், அதனால சொல்றேன். ஆபத்துன்னு மூளை நெனச்சதும் அட்ரினலின் ஏறுது, இதயம் வேகமா அடிக்குது, நீங்க அறியாமலே மூச்ச வேகமா இழுத்து விடறீங்க. அப்படி விடும்போது ரத்தத்துல கரியமில வாயு கொறையுது, அதனாலதான் விரல் மரத்துப்போறது, வாய சுத்தி ஊசி குத்துற மாதிரி, தலை சுத்தல் எல்லாம். அத பாத்து நீங்க இன்னும் பயப்படறீங்க, இன்னும் மூச்சு வேகமாகுது. பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்கு போய் அப்பறம் தானா இறங்கிடும். அந்த நேரத்துல பெரிய மூச்சு இழுக்காதீங்க, மெதுவா, இழுக்குறத விட விடறது நீளமா இருக்கணும். அதே சமயம், நடக்கும்போதோ படி ஏறும்போதோ வலி வந்து உக்காந்தா நின்னுச்சுன்னா, வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவுச்சுன்னா, மயக்கம் போட்டு விழுந்தீங்கன்னா, பழைய ஈசிஜிய நம்பி வீட்ல இருக்காதீங்க, உடனே எமர்ஜென்சிக்கு போங்க.

தைராய்டு ரத்தப் பரிசோதனையும் ஹீமோகுளோபினும் பாத்தாச்சா? நீங்க எழுதினதுல அது இல்ல. தைராய்டு அதிகமா சுரந்தாலும் இதே படபடப்பு, வேர்வை, தூக்கமின்மை வரும். ஹார்ட் டெஸ்ட் எல்லாம் பண்ணிட்டு இத விட்டுடறாங்க. எத்தன காபி டீ குடிக்கறீங்கன்னும் எண்ணிப் பாருங்க, கிளைல வர்ற டீக்காரர் கணக்கையும் சேத்து.

இப்ப முக்கியமான விஷயம், அந்த சின்ன மாத்திரை. அல்பிரசோலாம் உடனே வேலை செய்யும், அதுதான் அதோட கவர்ச்சி, அதுதான் தொந்தரவும். சில வாரம் தொடர்ந்து போட்டா உடம்பு பழகிக்கும், அதே அளவு பத்தாது. அது மருத்துவர் சீட்டு இல்லாம விக்கவே கூடாத மருந்து, கடைக்காரர் குடுக்குறதால பாதுகாப்பானதுன்னு ஆயிடாது. ஆனா இத படிச்சுட்டு இன்னிக்கு ராத்திரியே தூக்கிப் போட்டுடாதீங்க, திடீர்னு நிறுத்தினா தூக்கம் சுத்தமா போகும், படபடப்பு இரட்டிப்பாகும், சிலருக்கு வலிப்பு கூட வரும். எத்தன நாளா, எவ்ளோ போடறீங்கன்னு டாக்டர்கிட்ட உள்ளபடி சொல்லுங்க, அவர் படிப்படியா கொறைப்பாரு.

மனநல மருத்துவர் வழக்கமா குடுக்குறது வேற ரகம், எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின் மாதிரி. இது அடிமையாக்குற ரகம் இல்ல, ஆனா நிதானமா வேலை செய்யும். மொத ஒண்ணு ரெண்டு வாரம் குமட்டல், கொஞ்சம் பதட்டம் கூடின மாதிரியே இருக்கும், இந்த கட்டத்துலதான் பாதி பேர் "ஒத்துக்கல"ன்னு நிறுத்திடறாங்க. பலன் தெரிய ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், முழுசா தெரிய இன்னும் கொஞ்சம். சரியான பிறகும் ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரைக்கும் போட சொல்லி அப்பறம் மெல்ல நிறுத்துவாங்க. ஆயுசு முழுக்கன்னு பெரும்பாலானவங்களுக்கு கிடையாது. கூடவே சிபிடின்னு ஒரு பேச்சு சிகிச்சை இருக்கு, பேனிக்குக்கு அது மருந்துக்கு சமமா வேலை செய்யும், அத கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் குடுப்பாங்க, அவங்க மருந்து எழுத மாட்டாங்க. யார்கிட்ட எதுக்கு போறோம்னு தெரிஞ்சுக்கோங்க.

பஸ்ல ஏற பயம்னு சொன்னீங்களே, அத விட்டுடாதீங்க. ஏறாம இருக்க ஆரம்பிச்சா அடுத்து கடைத்தெரு, அடுத்து கல்யாண மண்டபம்னு சுருங்கிக்கிட்டே போகும். ஒரு ஸ்டாப் தூரமாவது ஏறி இறங்குங்க.

---

சிவப்புத்துண்டு:

டாக்டர் சொன்னதுல தப்பில்ல, ஆனா எனக்கு ஒரு கோவம் இருக்கு, சொல்லியே ஆகணும். நான் சங்கத்துல இருக்கவன். நாலு பேர் வேலைய ஒரு ஆள் தலைல கட்டிட்டு, அந்த ஆளு நெஞ்ச புடிச்சுக்கிட்டு விழுந்தா "உனக்கு கவுன்சிலிங் வேணும்"னு சொல்றது என்ன நியாயம்? இப்ப நெறைய நிர்வாகம் இதான் பண்ணுது, வருஷத்துக்கு ஒரு நாள் யோகா, ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்னு ஒரு வகுப்பு (அதுவும் ரெண்டாவது சனிக்கிழமை, அதாவது லீவ் நாள்ல!), போட்டோ எடுத்து போட்டுட்டு சாயங்காலம் அதே வீசி. உலக சுகாதார நிறுவனமே 2019ல ஐசிடி-11ங்கற நோய்ப் பட்டியல ஏத்துக்கிட்டப்ப பர்ன்அவுட்ட (வேலையால முழுசா சோர்ந்து போறது) நோய்னு போடல, சரியா கையாளப்படாத வேலை அழுத்தத்துல இருந்து வர்ற ஒண்ணுன்னுதான் போட்டிருக்கு. அப்ப மாத்திரை யாரு சாப்பிடணும், நீங்களே சொல்லுங்க.

பிரான்ஸ்ல 2017ல இருந்தே வேலை நேரம் முடிஞ்சா தொடர்புல இருக்க வேண்டியதில்லங்கற உரிமை சட்டத்துல இருக்கு, ஆஸ்திரேலியாலயும் 2024 ஆகஸ்ட்ல வந்துடுச்சு. நம்ம ஊர்ல ராத்திரி பத்தரைக்கு ரீஜனல் ஆபீஸ்ல இருந்து போன் வந்தா எடுக்கலன்னா மறுநாள் விளக்கம் கேட்டு மெமோ. தோழர், நீங்க தனியாளா சரியாகப் பாக்காதீங்க. வீசில என்ன பேசினாங்க, எத்தன மணிக்கு போன் வந்துச்சு, எந்த நாள் எத்தன மணி வரைக்கும் உக்காந்தீங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. ஆள் பத்தாக்குறைய பத்தி மேனேஜர் மூலமா எழுத்துல குடுங்க, வாய்ல சொல்றது காத்துல போயிடும். அந்த காகிதம் இருந்தாதான் சங்கம் பேச முடியும்.

---

நைட்டூட்டி_டாக்டர்:

சிவப்புத்துண்டு, பாதிக்கு மேல ஒத்துக்கறேன். சொல்லப்போனா நான் இருக்குற ஆஸ்பத்திரில 24 மணி நேர டூட்டி போடறவங்களுக்கும் யோகா வகுப்புதான் நடந்துச்சு. ஆனா பர்ன்அவுட் வேற, பேனிக் வேற, அதே ஐசிடி-11ல பேனிக் டிஸார்டர் நோய்னே தனியா இருக்கு. காரணம் வெளிய இருந்தாலும் இப்ப அது உடம்புக்குள்ள வந்து உக்காந்துடுச்சு. டார்கெட்ட நாளைக்கே எடுத்துட்டாலும் இவருக்கு பஸ் பயம் நாளைக்கே போகாது. சிகிச்சை எடுத்துட்டு தெம்பா சங்கத்துக்கு வரட்டுமே.

---

பாலிசி_படிக்கிறவன்:

"பேர் பதிவாயிடுமா"ங்கற கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. நான் சொல்றேன். 2017 மனநல பராமரிப்பு சட்டம்னு ஒண்ணு இருக்கு. அதுல 23வது பிரிவு, உங்க மனநலம் பத்தின தகவல ரகசியமா வெச்சுக்கற உரிமை உங்களுக்கு உண்டு, சட்டத்துல சொல்லியிருக்கற சில விதிவிலக்கு தவிர சிகிச்சை குடுக்கறவர் வெளில சொல்லக் கூடாது. டாக்டர் உங்க ஆபீஸ்க்கு போன் போட்டு சொல்ற பேச்சே கிடையாது. இன்னொண்ணு, மூணாவது பிரிவுல தெளிவா இருக்கு, ஒருத்தருக்கு மனநோய் இருக்குன்னு கண்டுபிடிச்சதாலேயே அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர்னு ஆகாது, அத கோர்ட்தான் சொல்லணும். சொத்துல கையெழுத்து போட முடியாது, சாட்சி சொல்ல முடியாதுன்னு ஊர்ல சொல்றதெல்லாம் இதோட சேத்து குழப்பிக்கறது.

இன்சூரன்ஸ்: அதே சட்டத்துல 21வது பிரிவு, உடம்பு நோய்க்கு குடுக்குற மாதிரியே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு குடுக்கணும்னு இருக்கு, 2018ல இன்சூரன்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான ஐஆர்டிஏஐ கம்பெனிகளுக்கு உத்தரவும் போட்டுச்சு. ஆனா பெரும்பாலான பாலிசி ஆஸ்பத்திரில படுத்தாதான் பணம் குடுக்கும், உங்கள மாதிரி மாசம் ஒரு தடவ போய் சீட்டு வாங்கறதுக்கு நிறைய பாலிசில கிடைக்காது, உங்க பாலிசி வாசகத்த படிங்க. புதுசா பாலிசி எடுக்கும்போது ஃபார்ம்ல கேட்டா மறைக்காதீங்க, மறைச்சா பின்னாடி ஹார்ட்டுக்கு கிளைம் போட்டாலும் அத காட்டி தள்ளுவாங்க. பாலிசி விக்கறவர்கிட்டயே இத சொல்றேன் பாருங்க, தப்பா எடுத்துக்காதீங்க.

ஆபீஸ்ல சொல்லணுமாங்கறது உங்க இஷ்டம். என் கருத்து, நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லி வைங்க, அட்டாக் வந்தா கூட இருக்க ஒரு ஆள் வேணும். மேனேஜர் நல்லவரா இருந்தா அவர்கிட்டயே. இல்லன்னா உங்க கிளார்க்.

---

பாப்பாவோட_அம்மா:

எனக்கு சட்டமெல்லாம் தெரியாது, எங்க வீட்டுக்காரருக்கு இதே மாதிரி வந்தது, அதனால வீட்டுப் பக்கத்துல இருந்து சொல்றேன் அண்ணா. உங்க வீட்ல அண்ணி இத படிச்சா நல்லது. "ஒண்ணுமில்ல, சும்மா பயப்படாதீங்க"ன்னு மட்டும் சொல்ல வேண்டாம். ஒண்ணுமில்லன்னு அவங்களுக்கும் தெரியும், ரிப்போர்ட் கையிலதான் இருக்கு, ஆனா உடம்பு நம்ப மாட்டேங்குதே. நான் என்ன பண்ணுவேன்னா பக்கத்துல உக்காந்து முதுகுல கை வெச்சு "இப்ப வந்துருக்கு, போயிடும்"னு மட்டும் சொல்வேன், கேள்வி எதுவும் கேக்க மாட்டேன். டிவிய நிறுத்த மாட்டேன், புள்ளைங்கள தொரத்த மாட்டேன், ஏன்னா வீடே நின்னு அவர பாத்தா இன்னும் அதிகமாகுது.

அத்தை கிட்ட நாங்க மனசு வைத்தியம்னு சொல்லவே இல்ல, நரம்பு டாக்டர்னு சொன்னோம், அவங்க வயசுக்கு அது போதும். கோயிலுக்கும் போனோம், வேண்டாம்னு சொல்லல, விபூதியும் பூசிக்கிட்டாரு மாத்திரையும் போட்டாரு. அது அத்தைக்கும் நிம்மதி. எரிஞ்சு விழறதா எழுதியிருக்கீங்க, பாப்பாகிட்ட "அப்பாவுக்கு உடம்பு முடியல, உன் மேல கோவம் இல்ல"ன்னு சொல்லிடுங்க, இல்லன்னா அது தன் மேல தப்புன்னு நெனச்சுக்கும்.

இன்னொண்ணு கேக்கறேன் தப்பா நெனைக்காதீங்க, செத்துடலாம்னு எண்ணம் எதுவும் வருதா? சாகப் போறோம்னு பயம் வேற, சாகணும்னு தோணறது வேற. எங்க வீட்டுக்காரர்கிட்ட டாக்டர் நேரடியாவே கேட்டாரு, கேட்டதுல ஒண்ணும் கெட்டுப் போகல, அவர் அழுதுட்டாரு, அப்பறம்தான் முழுசா சொன்னாரு. அப்படி எதுவும் தோணுனா நாள் கடத்தாதீங்க, 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு கவர்மென்ட் நம்பர், காசு கிடையாது, தமிழ்ல பேசுவாங்க, ராத்திரி எந்நேரமும் எடுப்பாங்க. சென்னைல சிநேகான்னு 1986ல இருந்து இதுக்குன்னே ஒரு அமைப்பும் இருக்கு.

---

கவுண்டர்_3:

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொண்ணா ரெண்டு மூணு தடவ படிச்சேன். சாகணும்னு எண்ணம் இல்ல அம்மணி, பயம் மட்டும்தான், நேரா கேட்டதுக்கு நன்றி. தைராய்டு பாக்கல, நாளைக்கே ரத்தம் குடுக்கறேன். காபி கணக்கு போட்டேன், வெளில சொல்ல முடியாத நம்பர் வருது. ரிட்டையர்டு மேடம், சிக் லீவ முழு சம்பளமா மாத்தறது எனக்கு தெரியவே தெரியாது, எச்ஆர்எம்எஸ்ல (லீவ் கணக்கு இருக்குற ஆபீஸ் சிஸ்டம்) போய் பாத்தேன், தொடாம அப்படியே கெடக்கு. தோழர், நோட்டு போட்டுட்டேன்.

இப்ப எங்க போறதுன்னு குழப்பம். சென்னைக்கு போய் தனியார்ல பாக்கலாமா, இங்கயே பக்கத்துல பாக்கலாமா? இங்க போனா நம்ம கிளை கஸ்டமர் யாராவது வரிசைல நிப்பாங்களேன்னு ஒரு கூச்சம். மனைவிய கூட்டிட்டு போகணுமா தனியாவே போகலாமா?

---

நைட்டூட்டி_டாக்டர்:

கீழ்ப்பாக்கம் வரைக்கும் போனாதான் மனநல வைத்தியம்ங்கறது அந்தக் காலம். இப்ப மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகள்லயும் அரசு மருத்துவக் கல்லூரிகள்லயும் மனநலப் பிரிவு இருக்கு. உங்களுக்கு முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜ் பக்கம், இல்ல பாண்டிச்சேரி ஜிப்மர். இந்த சிகிச்சைக்கு மாசா மாசம் போகணும், சென்னைன்னா ரெண்டாவது மாசமே லீவ் கெடைக்கலன்னு விட்டுடுவீங்க. பக்கத்துல எது இருக்கோ அதுதான் நல்ல ஆஸ்பத்திரி. வசதி இருந்தா விழுப்புரத்துலயோ பாண்டிலயோ தனியார் மனநல மருத்துவர பாருங்க, மருந்து ஒண்ணுதான்.

கூச்சம் புரியுது. ஆனா வரிசைல நிக்கிற உங்க கஸ்டமரும் உங்கள பாத்து அதேதான் நெனப்பாரு, அவரும் யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு.

மனைவிய கூட்டிட்டு போங்க. ராத்திரி தூக்கத்துல என்ன பண்றீங்க, எவ்ளோ மாறிட்டீங்கன்னு உங்கள விட அவங்களுக்குதான் தெரியும். ஆனா ஒரு அஞ்சு நிமிஷம் தனியாவும் பேசணும்னு டாக்டர்கிட்ட கேளுங்க. பழைய ஈசிஜி, எக்கோ ரிப்போர்ட், தைராய்டு ரிசல்ட், இப்ப போடற மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு போங்க. சாராயம், சிகரெட் பழக்கம் இருந்தா அதையும் சொல்லணும். அரசு ஆஸ்பத்திரின்னா காலைல சீக்கிரமே போய் ஓபி சீட்டு போட்டுடுங்க, மத்தியானம் வரைக்கும்தான் பாப்பாங்க.

---

ஸ்கேல்2_ரிட்டையர்டு:

திங்கக்கிழமை மட்டும் போகாதீங்க தம்பி, ஆஸ்பத்திரிலயும் கூட்டம், உங்க கிளைலயும் கூட்டம். புதன் வியாழன் பாத்து லீவ் போடுங்க. சாவி ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கிட்டுதான் கெளம்பணும்.